என்னைத் திட்டிய வாயால் வந்த சூத்திரம்

உயர்தரப் பரீட்சையை மூன்று தடவைதான் எழுதலாம். இரண்டு தடவையும் இரசாயனவியலில் கோட்டை விட்ட எனக்கு மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. சபையாரே, ஆண்டவர் செய்ததைச் சாட்சி சொல்ல வந்தவள் சிரித்த முகத்தோடு நிற்கவேண்டும் என்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்களில் சிலர் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

"மீன் விக்கிறவன்ட மகளுக்கு எதுக்குகா சயன்சு? கலியாணத்தக் கட்டிக் குடுங்க" என்று அம்மாவிடம் சொன்னவர்கள் இதோ முன்வரிசையில் இருக்கிறீர்கள். அன்று அம்மா அழுததை நான் மறக்கவில்லை.

என் கோபத்துக்கு அடுத்த ஆள், மட்டக்களப்பில் எனக்கு இரசாயனவியல் ரியூசன் எடுத்த சேர். வாகரையிலிருந்து விடியவே பஸ் ஏறி அவரிடம் போவேன். ஒருநாள் ஒரு சேர்வையின் அனுபவச் சூத்திரம், அதாவது அதிலுள்ள அணுக்களின் மிகச் சிறிய முழு எண் விகிதம், கேட்டார். காபனும் ஐதரசனும் ஒன்றுக்கு ஒன்றேகால் என்று வந்தது. நான் ஒன்றுக்கு ஒன்று என்று எழுதினேன். அப்பா மீன் நிறுக்கும்போது தராசில் கொஞ்சம் கூடினால் கணக்கில் எடுக்கமாட்டார், வாங்குகிறவருக்கே விட்டுவிடுவார். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தக் கால் பங்கைத் தள்ளிவிடுவது இயல்பாகவே வந்தது.

"இது என்ன மீன் தராசா புள்ள, கூடினத்த உட்டுக் குடுக்க?" என்று கத்தினார். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. அன்று முதல் முழங்காலில் நின்று ஆண்டவரிடம் நான் கேட்டது இரண்டே விஷயம். என்னைச் சித்தியடைய வையும். அந்த மனுசனைத் தலைகுனிய வையும்.

பரீட்சை வந்தது. தொண்ணூறு வீதம் காபன், பத்து வீதம் ஐதரசன், மூலர்த்திணிவு நூற்றிருபது, மூலக்கூற்றுச் சூத்திரம் என்ன? ஒன்றுக்கு ஒன்று தசம் மூன்று மூன்று என்று வந்தது. பழக்கதோசத்தில் CH என்று எழுதினேன். அதன் திணிவு பதின்மூன்று. நூற்றிருபதைப் பதின்மூன்றால் பிரித்தால் முழு எண் வரவில்லை. வெட்டினேன், திரும்ப எழுதினேன், திரும்ப வெட்டினேன். இதுதான் கடைசித் தடவை. "ஆண்டவரே, இப்ப பேசும்" என்று கண்ணை மூடினேன்.

வேதவசனம் ஒன்றும் வரவில்லை. வந்தது அந்த சேரின் குரல். அன்று என் காதில் ஏறாத மிச்சம்: "தள்ளாத, புள்ள! முழு எண் வாற வரைக்கும் பெருக்கு!"

மூன்றால் பெருக்கினேன். C3H4. அதன் திணிவு நாற்பது. நூற்றிருபதுக்கு அதைப்போல மூன்று மடங்கு. C9H12 என்று எழுதிவிட்டு மேசையில் தலை வைத்து அழுதேன். கர்த்தருக்கு வேறு வாயே கிடைக்கவில்லையா?

சித்தியடைந்தேன். இன்று பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல்தான் படிக்கிறேன். எனக்கு வழி திறந்தவருக்கு உயிருள்ளவரை நன்றி சொல்வேன். ஆனால் என் இரண்டாவது விண்ணப்பத்தை அவர் காதிலேயே வாங்கவில்லை. சேர் தலைகுனியவில்லை. என் படத்தைப் பெரிதாகப் போட்டு ரியூசன் வாசலில் பேனர் கட்டி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார்.

மனசில் கோபத்தோடு வந்திருக்கும் பிள்ளைகளே, அது ஆறும் வரை காத்திருக்காதீர்கள். கோபத்தோடேயே ஜெபியுங்கள். அவர் கேட்கிறார். என் ஜெபத்தையும் கேட்டார்.

அந்த சேருக்காகவும் ஜெபிக்கவேண்டும் என்று தெரியும். வாய் இன்னும் வரவில்லை. இன்றைக்கு நீங்கள் ஜெபியுங்கள். நான் ஆமென் மட்டும் சொல்கிறேன்.