ஏழுமலை அடைத்த இரண்டு துளைகள்

திருவொற்றியூரில் சன்னல் கடை நடத்தும் எனக்கு, சன்னலை விற்பதைவிட அதன் உறுப்புகளின் பெயர்களை விளக்குவதே பெரும்பாடு. என்னைப் போலவே கடை நடத்தும் உங்களுக்கு இந்த அலுப்பு புதிதன்று.

சட்டமா, கதவா?

கத்திவாக்கத்தில் படகு வைத்திருக்கும் ஏழுமலை, பிரசவம் முடிந்து மகளும் குழந்தையும் வந்து தங்கவிருந்த அறைக்குச் சன்னல் கேட்டு வந்தார். பழையது உப்புக்காற்றில் இற்றுவிட்டதாம். சுவரோடு நிலையாக நிற்பது சட்டம், திறந்து மூடுவது கதவு, இவற்றில் எது இற்றது என்று வினவினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அத்தெல்லாம் இன்னாத்துக்கும்மா? கொயந்த மேல மயத்தண்ணி அடிக்கக் கூடாது, அவ்ளோதான்."

முடிச்சுக் கணக்கு

அளவு எடுத்து வரச் சொன்னேன். வலைக்கயிற்றில் அகலத்துக்கு ஒரு முடிச்சும் உயரத்துக்கு ஒரு முடிச்சும் போட்டுக் கொண்டுவந்தார். நைலான் கயிறு இழுத்தால் நீளும் என்பதை எடுத்துரைத்து, டேப்புடன் எங்கள் ஃபிட்டரை அனுப்பினேன். ஏழுமலைக்கு மனம் சுருங்கிவிட்டது.

"இந்தக் கவுத்த நம்பித்தான் நடுக்கடல்ல வல போடறோம், உன் ஜன்னலுக்குப் பத்தாதா?"

பெயர்ப் பாடம்

பொருத்தும் நாளில் நானே சென்றேன். அது பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் சன்னல். கீழே தடம், அதில் ஓடும் சக்கரம், கண்ணாடியைப் பிடித்திருக்கும் ரப்பர், பூட்டு, கொசுவலைக் கதவு என ஒவ்வொன்றையும் தொட்டுக்காட்டிப் பெயர் சொன்னேன். தடத்தின் வெளிப்பக்கத்தில் இருக்கும் இரண்டு சிறு துளைகளுக்கு எங்கள் கடையில் பெயரில்லை. ஆகவே அவற்றை விட்டுவிட்டேன். ஏழுமலையின் மனைவி கஸ்தூரி, மீன்கூடையை இறக்காமலே குறுக்கிட்டார்:

"பேரு வெச்சது போதும்மா, கொயந்தைக்கே இன்னும் வெக்கல."

முதல் மழை

மகள் வரவிருந்த அன்று விடியலில் பெருமழை. "ஜன்னல் ஒழுகுது" என்று தொலைபேசியில் ஏழுமலை. ஃபிட்டருடன் போய்ப் பார்த்தால், தடத்தில் தேங்கிய நீர் உட்புறமாக வழிந்து, குழந்தைக்கு விரித்திருந்த மெத்தை நனைந்திருந்தது. நீர் வெளியேற விட்டிருந்த அந்த இரண்டு துளைகளும் படகுக்குப் பூசும் பசையால் இறுக அடைக்கப்பட்டிருந்தன. யார் அடைத்தது என்றேன். "நான்தான். போட்டுல ஓட்டையப் பாத்துட்டு எவனாச்சும் சும்மா இருப்பானா?" என்றார், எதிர்க்கேள்வியாக.

ஃபிட்டர் பசையைக் குத்தி எடுத்ததும் நீர் தெருப்பக்கம் கொட்டியது. மெத்தையை மாற்றித் தரையைத் துடைத்து முடிக்கவும், வாசலில் ஆட்டோ வந்து நிற்கவும் சரியாக இருந்தது. குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டே கஸ்தூரி என்னைப் பார்த்தார்:

"அத்தினி பேரு சொன்னியேம்மா, இந்த ஓட்டைய அடைக்காதன்னு ஒரு வார்த்த சொன்னியா?"

இப்போதெல்லாம் என் பாடத்தை அந்தத் துளைகளிலிருந்தே தொடங்குகிறேன். அதை முடிவுவரை கேட்கும் வாடிக்கையாளர்தான் இன்னும் கடைக்கு வரவில்லை.