அணியத்தில் எழுந்த கை

நடந்ததைத்தான் சொல்கிறேன். கட்டுக்கதை என்று நினைப்பவர் ஆவூருக்குப் போய் இருதயநாதனிடமே கேட்டுப் பார்க்கட்டும். அடி வாங்கிக்கொண்டு திரும்பினால் என்னைக் குறை சொல்லக் கூடாது. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வர வேண்டுமா என்ன? இது நடந்தது 1956 ஜூலை பதினான்காம் தேதி, பட்டப்பகலில். கோட்டைப்பட்டினத்துக்குக் கிழக்கே, கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்.

இது நடந்த கப்பல், இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் கடலில் கண்ணிவெடி வாரியது. சண்டை ஓய்ந்ததும் அதன் முன்பக்கம், அதாவது அணியத்தில், இருந்த பீரங்கியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பளுத்தூக்கியைப் பொருத்தினார்கள். மற்றக் கப்பல்களுக்கு வழி காட்டும் இரும்பு மிதவைகளைத் தூக்கி, பழுது பார்த்து, திரும்பப் போடுவது அதன் புதுப் பிழைப்பு. பீரங்கி சுமந்த கப்பலுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

இருதயநாதன் அதில் சங்கிலி இழுக்கும் வின்ச்சை ஓட்டினான். அந்த இரைச்சலில் காதருகே கத்தினாலும் கேட்காது. எல்லாம் கைச்சாடைதான். மாலுமிகளின் தலைவரான சாரங்கு ரத்தினவேல், பளுத்தூக்கியின் தூணுக்கு அந்தப் பக்கம் நின்று கையை உயர்த்துவார். ஆள் தெரியாது, கை மட்டும் தெரியும். கட்டைவிரல் மேலே என்றால் இழு. உள்ளங்கை கீழே என்றால் விடு. மூடிய முட்டி என்றால் நிறுத்து.

அன்று அவன் தனியாக வரவில்லை. தங்கச்சி சூசைமேரியின் புருஷன் மைக்கேல்சாமிக்குக் கப்பலில் அதுதான் முதல் நாள். வேலை வாங்கிக் கொடுத்தவனே இவன்தான். அவளுக்கு ஏழு மாசம். "அவரை முழுசாக் கொண்டாந்து விட்ருண்ணே" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

காலை 10.40. முதல் மிதவை. தூணுக்கு மேலே கை எழுந்தது. உள்ளங்கை கீழே. இருதயநாதன் சங்கிலியை விட்டான்.

அலறல்!

மூக்கன் என்ற மாலுமியின் இரண்டு விரல்கள் சங்கிலிக்கடியில் நசுங்கித் தொங்கின. கப்பல் தட்டெல்லாம் ரத்தம். சாரங்கு ஓடிவந்து இருதயநாதன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

"எவன்டா ஒன்னைய விடச் சொன்னது?"

"நீங்கதாண்ணே... கையைக் காட்டுனீங்க."

"ரெண்டு கையாலயும் கயித்தைப் பிடிச்சிருந்தேன்டா, எடுபட்ட பயலே!"

அணியத்துக்குப் போய்ப் பார்த்தார்கள். யாரும் இல்லை. வெயிலில் தட்டு முழுக்கக் காய்ந்து கிடந்தது. தூணடியில் மட்டும் ஈரம். கருகின வெடிமருந்து வாடை வேறு. சாரங்குக்கு முகம் வெளிறிவிட்டது. இடுப்பிலிருந்த சிவப்புக் கைக்குட்டையை உருவித் தன் மணிக்கட்டில் கட்டினார்.

"இனி இது கட்டுன கை சொன்னா மட்டும் செய்யி. வெறுங்கை என்ன காட்டுனாலும் அசையாத."

"சரிண்ணே."

பகல் 2.10. இரண்டாவது மிதவை. மைக்கேல்சாமி அதன்மேல் குதித்து, வளையத்தில் கொக்கியை மாட்டப் போனான்.

"பாத்து இழுங்க மச்சான்!" என்று சிரித்துவிட்டுக் கீழே மறைந்தான். மிதவை கப்பலின் பக்கவாட்டில், வின்ச்சிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் கிடந்தது.

கை எழுந்தது. மணிக்கட்டில் சிவப்பு. கட்டைவிரல் மேலே.

இழுத்தான். சங்கிலி விறைத்தது.

அதன் பக்கத்திலேயே இன்னொரு கை... வெறுங்கை. மூடிய முட்டி. நிறுத்து... நிறுத்து... என்று காற்றில் அடித்தது.

'வந்துட்டியா? எங்கிட்டயேவா?' பல்லைக் கடித்தான். லீவரை இன்னும் அழுத்தினான்.

முட்டி துடித்தது.

சிவப்புக் கை அசையவில்லை. கட்டைவிரல்... மேலே.

இழுத்தான்.

டங்க்...!

யாரோ அவன்மேல் பாய்ந்தார்கள். வாயில் விழுந்த குத்தில் பல் தெறித்தது. சாரங்கு! லீவரை அடித்து நிறுத்திவிட்டு நெஞ்சில் மிதித்தார்.

அவர் மணிக்கட்டில் ஒன்றுமில்லை.

"கைக்குட்டை... எங்கண்ணே?"

"மூக்கனுக்கு ரத்தம் நிக்கலைடா. அவசரத்துல அவன் கையில கட்டிட்டேன். முட்டியைக் காட்டிக் காட்டிக் கத்துனேனேடா, பாவி!"

பின்பக்கம் மூக்கன் உட்கார்ந்திருந்தான். கைக்குட்டை அவன் கையில்தான் இருந்தது.

மைக்கேல்சாமி மிதவைக்கும் கப்பலுக்கும் நடுவே இருந்தான். இடுப்புக்குக் கீழே பார்க்க முடியவில்லை. 2.14க்கு மூச்சு நின்றது.

மூன்று மாதம் கழித்து, சண்டைக் காலத்திலும் அதே கப்பலில் இருந்த எஞ்சின்காரர் சிவசாமி வாயைத் திறந்தார்.

"நாப்பத்தி மூணுல, நிறுத்துன்னு கேப்டன் கை காட்ட காட்ட, பீரங்கிக்காரன் சுட்டான். பீரங்கி வெடிச்சு அஞ்சு பேரு செதறிப் போனாங்க. அவன் உசுரு போறப்ப ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான். மணிக்கட்டுல சிவப்பா இருந்த கை சுடச் சொல்லுச்சுன்னான். அன்னைக்கு எவன் கையிலயும் சிவப்பே கெடையாது தம்பி."

இருதயநாதன் அன்றே பஸ் ஏறி ஆவூருக்கு ஓடினான். தங்கச்சியிடம் ஒன்று விடாமல் கொட்டினான். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சூசைமேரி கடைசிவரை கேட்டாள்.

"அந்தக் கை எதோடதா வேணா இருந்துட்டுப் போகட்டும்ணே. லீவர்ல இருந்தது ஒன் கைதானே?"

எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.