பன்னிரண்டு ராசிக்கும் நல்ல பலன்

இன்று எங்கள் சிவகாசி அச்சகத்துக்கு ஒரு பள்ளித் தாளாளர் அம்மா வந்திருந்தார். மாணவர்களின் வீடுகளுக்குக் கொடுக்கத் தினசரி காலண்டர் ஆர்டர்.

“ராசிபலன்ல பயம், கவலை, நஷ்டம்னு எதுவும் வேண்டாம். காலையிலயே அதப் படிச்சா பிள்ளைக மனசு எப்படி மலரும்? பாசிட்டிவா மட்டும் போடுங்க.”

“எல்லா ராசிக்கும் நல்லதே போட்டா யாரு மேடம் நம்புவாக?” என்றார் முதலாளி.

“நம்பிக்கைய நாமதான வளக்கணும்!”

மகிழ்ச்சி, பாராட்டு, வெற்றி என்று மாற்றி மாதிரித் தாளை நீட்டினேன். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர் எங்கள் சுவர் காலண்டரைப் பார்த்தார்.

“கன்னிக்கு இன்னைக்கு நஷ்டமா? நாளைக்கு வந்து போடுறேன்.”

அவர் போனதும் முதலாளி நாளைய தாளைத் தூக்கிப் பார்த்தார். கன்னி: தாமதம்.

உங்கள் வீட்டுக் காலண்டரில் கன்னிக்கு நாளை ஏதாவது நல்லதாகப் போட்டிருந்தால் சொல்லுங்கள். பெரிய ஆர்டர்.