துணைக்குப் போனவள்

தாம்பரம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலக் கைப்பிடியை இன்று எத்தனை பேர் தொட்டிருப்பார்கள்? ஒரு காலத்தில் எனக்கு வேறு யோசனையே கிடையாது. முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து சாக்கடைச் சேறு படிந்தபோது பிடித்துக்கொண்ட பயம் அது. வீடு சுத்தமான பிறகும் நான் கை கழுவுவதை நிறுத்தவில்லை. தோல் வெடித்து ரத்தம் கசிந்தது. மாடித் தொட்டி காலியானால் லாரித் தண்ணீருக்காகக் காத்திருந்து அழுவேன். அம்மாவோ, "எம்பொண்ணு ரொம்ப சுத்தம்" என்று பெண் பார்க்க வந்தவர்களிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

இது நோய் என்று முதலில் சொன்னவர் அண்ணி. அவரே என்னை மருத்துவரிடம் இழுத்துப்போனார். மாத்திரை எழுதித் தரத் தாம்பரத்தில் ஆட்கள் இருந்தார்கள். தொடவைத்து, கழுவாமல் இருக்கப் பழக்கும் சிகிச்சைக்கு, அதுவும் இவ்வளவு முற்றிய பிறகு, பெங்களூரில் தங்கித்தான் ஆகவேண்டும் என்றார் மருத்துவர். ஊருக்கு என்ன சொல்வது? வெளியே தெரிந்தால் என் கல்யாணம் நின்றுபோகும். அண்ணி பெரியம்மாவிடம் பளிச்சென்று சொன்னார்:

"எனக்குத்தான் பெரியம்மா, குழந்தைக்காக ட்ரீட்மென்ட். இவ துணைக்கு வர்றா."

திரும்பி வந்தபின் தினமும் அந்தக் கைப்பிடியைப் பிடித்து நிற்பதுதான் எனக்குப் பயிற்சி. என் கைக்குப் பக்கத்தில் அண்ணியும் கை வைப்பார். அதே கையால் முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டே, "பாரு, நானும் கழுவல" என்பார்.

நான் குணமானேன். கல்யாணம் ஆயிற்று. அண்ணிக்குக் குழந்தை பிறக்கவில்லை. என் வளைகாப்பில் அவர் வளையலோடு வந்தபோது, "நீ அப்புறம் போடும்மா" என்று பெரியம்மா நகர்த்திவிட்டார். எந்தக் கைகளை அண்ணி மீட்டுத் தந்தாரோ, அதே கைகளை மற்றவர்களிடம் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் அதே பாலத்தில் நானும் அண்ணியும் நின்றிருந்தபோது பெரியம்மா எதிரே வந்தார். "பெங்களூர் வரைக்கும் போய் பார்த்தியேம்மா, எல்லாம் வீணாப் போச்சே" என்று அண்ணியிடம் அங்கலாய்த்தார். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். கைப்பிடியில் இருந்த என் கைமேல் அண்ணி தன் கையை வைத்து அழுத்தினார்.

"ட்ரெயின் வந்துடுச்சு, வா."

ரயில் இன்னும் வரவே இல்லை. நானும் வாயை மூடிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.