ஷோபாவின் ஐந்து நிமிடம்

பெங்களூர் பொம்மனஹள்ளியில் மூன்றாம் மாடி ஒற்றையறையில் குடியிருக்கும் ஒருத்தி மலை வழிகாட்டி ஆகப்போகிறேன் என்றால் அக்கம்பக்கம் சிரிக்கத்தான் செய்யும். ஷோபாவைப் பார்த்தும் சிரித்தார்கள். எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸ் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருப்பவளுக்குச் சிரிப்பையும் முறைப்பையும் ஒரே முகத்தோடு வாங்கிக்கொள்ளும் பழக்கம் உண்டு.

அவள் மலைக்குப் போன கதை சாதாரணமானது. ஆபீஸ்காரர்கள் ஒருமுறை சாவனதுர்கா மலைக்கு டிரெக்கிங் போனார்கள். சாப்பாட்டு டப்பாக்களைப் பார்த்துக்கொள்ள இவளையும் வேனில் ஏற்றிக்கொண்டார்கள். பாதிப் பாறையில் ஒரு பெண் பயந்து உட்கார்ந்துவிட்டாள். யார் கூப்பிட்டும் எழவில்லை. ஷோபா ரப்பர் செருப்போடு ஏறிப்போய்ப் பேசிப் பேசியே அவளை உச்சி வரைக்கும் கூட்டிப்போய்விட்டாள். டிரெக்கிங் கம்பெனி முதலாளி சுதீர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரமே போன் வந்தது.

அன்றிலிருந்து சனி, ஞாயிறு என்றால் அவள் ஏதாவது ஒரு மலையில் இருப்பாள். வேலை, கூட்டத்தின் கடைசியில் நடப்பது. மூச்சு வாங்குகிறவர்கள், கால் பிடித்துக்கொண்டவர்கள், எதற்கு வந்தோம் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுகிறவர்கள், இவர்களெல்லாம் அவள் பொறுப்பு. அவர்களை எழுப்ப அவளிடம் இருந்தது ஒரே மருந்து.

"தோ வந்துட்டோம். இன்னும் அஞ்சே நிமிஷம்."

பெங்களூரைச் சுற்றியுள்ள மலைகளில் வார இறுதி வேலை பார்க்கிற அத்தனை பேரும் சொல்கிற பொய்தான். ஆனால் ஷோபா சொன்னால் நம்பினார்கள்; முகராசி அப்படி. ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணமே பண்ணிவைக்கிறார்கள், ஒரு பொய் சொல்லி ஒரு மனுஷனை உச்சியில் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன குறை என்பது அவள் கட்சி. உச்சியைத் தொட்டவர்களும் குறை சொல்லவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். 'ஷோபா அக்காவோட அஞ்சு நிமிஷம்' என்று இணையத்தில் எழுதிப் புகழ்ந்தார்கள்.

இப்படியே எட்டு வருஷம் ஓடிய பிறகு, முன்னால் நின்று நடத்துகிறவர்களுக்கு இனிமேல் சான்றிதழ் வேண்டும் என்றார் சுதீர். பயிற்சியை முடித்து, மலையிலேயே நடக்கும் தேர்விலும் தேறினால் முழுநேர வழிகாட்டி வேலை. இல்லையென்றால் காலம் முழுக்கக் கூட்டத்தின் வால். ஷோபாவுக்கு அந்த வேலை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காற்றை மூச்சில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை கழிவறைகளை மோந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவளுக்கு அலுத்துவிட்டது.

கயிறு, முடிச்சு, முதலுதவி எல்லாவற்றிலும் நல்ல பெயர் வாங்கினாள். தேர்வு அதே சாவனதுர்காவில். தேர்வாளர் ஹரிஷ், குடகுக்காரர், அதிகம் பேசாதவர். பாதி வழியில் களைத்துப்போன பயணியைப் போலப் பாறையில் உட்கார்ந்துகொண்டு, "இன்னு எஷ்டு தூர மேடம்?" என்று கன்னடத்தில் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டார்.

"அஞ்சே நிமிஷம் சார்." யோசிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது.

அவர் எழுந்து நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார். "அஞ்சு நிமிஷம் ஆச்சு. உச்சி எங்க மேடம்?"

"எல்லாரும் இப்படித்தான சார் சொல்றாங்க?"

"ஆமா. எல்லாரையும் ஃபெயில் பண்ணிட்டுத்தான் இருக்கேன்."

திரும்பி வரும் பஸ் முழுக்க ஷோபா மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஊரெல்லாம் சொல்கிற பொய்க்கு என் தலையா கிடைத்தது என்று ஆத்திரம்.

மழைக்காலம் கழிந்ததும் அதே மலையில் இரண்டாம் வாய்ப்பு வந்தது. மூன்றாவது கிடையாது. நடத்திக்காட்ட அவளுக்கு ஒரு சிறு குழுவைக் கொடுத்தார்கள். அதில் ராஜலக்ஷ்மி என்று மல்லேஸ்வரத்து அம்மாள், பாங்க்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆரம்பத்தில் எல்லோருக்கும் முன்னால் கலகலவென்று பேசியபடி ஏறினார். பாதியில் பேச்சு குறைந்தது. பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"இன்னும் எவ்ளோ தூரம்மா?"

பழைய மருந்து நாக்கு நுனி வரை வந்தது. பின்னால் ஹரிஷ் நின்றார். ஷோபா அதை விழுங்கினாள். சத்தியத்தின் மேல் பிரியம் வந்துவிடவில்லை, பயம்தான்.

"இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்குதும்மா. இதவிட செங்குத்தா இருக்கும்."

"அப்போ என்னால ஆகாது," என்றார் ராஜலக்ஷ்மி. "கீழேர்ந்தே மாரை அடைச்சுண்டிருக்கு. இடது கை வேற மரத்துப் போறது. கொஞ்ச தூரம்தான்னா பல்லைக் கடிச்சுண்டு வந்துடலாம்னு பேசாம இருந்தேன்."

ஒரே வழிகாட்டி இருக்கும் குழுவைப் பிரிக்கக் கூடாது என்பது விதி. ஒருவர் இறங்கினால் எல்லோரும் இறங்க வேண்டும். உச்சியைக் காட்டாத வழிகாட்டிக்கு யார் சான்றிதழ் தருவார்கள்? இரண்டாவது தடவையும் போச்சு என்றே ஷோபா நினைத்தாள். ஆனாலும் குழுவைத் திருப்பினாள். அந்த அம்மாளை ஓரடியும் நடக்க விடவில்லை. கயிற்றில் தூளி கட்டி, முணுமுணுத்த இளைஞர்களையே ஆளுக்கொரு முனை பிடிக்கச்சொல்லி இறக்கினாள். ஹரிஷும் ஒரு முனையைப் பிடித்தார். அடிவாரத்தில் வேன் தயாராக நின்றது.

மாரடைப்பின் தொடக்கம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். மேலே ஏறியிருந்தால் பிழைத்திருக்க மாட்டாராம்.

மறுநாள் மதியம் ஹரிஷ் போன் செய்து, "பாஸ்" என்று ஒரே வார்த்தை சொன்னார். பக்கத்து வீட்டு வள்ளியம்மா மைசூர்பாகோடு வந்தாள். ஷோபா அதை வாங்கி ஓரமாக வைத்தாள். போனில் இருந்த பழைய போட்டோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் நரைத்த தலை ஒன்றாவது அவள் தோளில் சாய்ந்து சிரித்தது. சிரித்தவர்களில் யார் யார் எதை மறைத்துக்கொண்டு ஏறினார்கள்?

காக்ஸ் டவுன் எத்திராஜ் சாரின் நம்பர் இருந்தது. ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். போன வருஷம் குமார பர்வதத்தில், திரும்பிவிடுகிறேன் என்றவரை மூன்று தடவை ஐந்து நிமிடம் சொல்லி ஏற்றியிருந்தாள். கூப்பிட்டாள்.

"நல்லாருக்கேன்மா. இன்னா திடீர்னு?" என்றார் அவர். "உன்னப் பத்தி பேசாத நாளே இல்ல. நீ மட்டும் அன்னைக்கு அஞ்சு நிமிஷம்னு சொல்லலன்னா பாதியிலயே திரும்பிருப்பேன். அந்த போட்டோவ ஹால்ல மாட்டி வெச்சிருக்கேன்."

"அன்னைக்கு உங்களுக்கு நெஞ்சு கிஞ்சு வலிச்சுதா சார்?"

"வலிச்சுது," என்றார் எத்திராஜ். "அஞ்சு நிமிஷந்தானேன்னு சொல்லாம விட்டுட்டேன்."