இறுக்கியாரோட ஏர்கன்

அவருக்கு அப்பா அம்மா வெச்ச பேரு என்னன்னு கேட்டா, கட்டின சம்சாரமே ஒரு நிமிஷம் யோசிச்சுதான் சொல்லுவாங்க. ஊருக்கெல்லாம் அவரு இறுக்கி. மரியாதை வேணும்னா இறுக்கியாரு. தொழில் பிளம்பர். அவரு ஒரு குழாய மூடினா அதத் தொறக்க நாலு ஆளும் ஒரு யானையும் வேணும். அவரு மாட்டின ஜாயின்ட்ல ஒரு சொட்டு கசிஞ்சதுன்னு சொல்றவன் இனிமேதான் பொறந்து வரணும். ஒரு வீட்டுல இவரு இறுக்கிட்டுப் போன பாத்ரூம் குழாயத் திருக முடியாம, அவங்க வீட்டையே வித்துட்டு வேற வீடு போயிட்டாங்களாம். இத அவரே சொல்லுவாரு. இதுல பாதி பொய்யி. எந்தப் பாதின்னுதான் தெரியல.

அப்பேர்ப்பட்ட கைக்கு வந்த ஆசைதான் ஏர்கன், அதாவது காத்துத் துப்பாக்கி. ஒரு நாளு பழைய மெத்தைக் கம்பெனி ஷெட்டுல கக்கூசு அடைச்சுக்கிச்சுன்னு கூப்பிட்டாங்க. போனா, உள்ள டப்பு டப்புன்னு சத்தம். எட்டிப் பாத்தா, சுவரு முழுக்க கழிச்சுப் போட்ட மெத்தையத் தொங்க விட்டு, அதுக்கு முன்னாடி அட்டை மாட்டி, பத்து மீட்டர் தள்ளி நின்னு நாலஞ்சு பேரு சுட்டுக்கிட்டு இருக்காங்க. அதுல ஒரு ஆளு இவரோட மச்சான், சம்சாரத்துக்குக் கூடப் பொறந்த தம்பி. பேக்கரி வெச்சிருக்கான். கேக்கு மேல கிரீம்ல ரோஜாப்பூ போடறவன். அவன் கை பட்டா ஈ கூட எழுந்திரிக்காது, அவ்வளவு மெது. அவன் சுட்ட பத்து குண்டும் ஒரு சட்டைப் பொத்தானுக்குள்ள அடங்கிடுச்சு.

"மாமா, நீயும் ஒண்ணு போட்டுப் பாரு"ன்னு துப்பாக்கியக் குடுத்தான். இவரு போட்டாரு. குண்டு அட்டைக்குப் போகல, மெத்தைக்கும் போகல. எங்க போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தகவல் இல்ல. ஆனா அன்னைக்கே பித்து பிடிச்சுக்கிச்சு. கக்கூசு அடைப்ப எடுத்தாரா இல்லையான்னு யாருக்கும் ஞாபகம் இல்ல.

துப்பாக்கி வாங்கக் கடைக்குப் போனாரு. கடைக்காரரு பொறுமையா விளக்கினாரு. இது கேஸ் சிலிண்டர்ல ஓடறது, இது பம்பு வெச்சு காத்து அடைக்கறது, இது ஸ்பிரிங்கு, பீப்பாய மடக்கினா உள்ள ஸ்பிரிங்கு அமுங்கும், விசைய இழுத்தா அது பாஞ்சு காத்தத் தள்ளும், காத்து குண்டத் தள்ளும். எல்லாத்தையும் கேட்டுட்டு இறுக்கியாரு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. எதுல ஸ்க்ரூ அதிகம்? கடைக்காரரு முப்பது வருஷமா கடை நடத்தறாரு, இந்தக் கேள்விய யாரும் கேட்டதில்ல. ஸ்பிரிங்கு துப்பாக்கியக் காட்டினாரு. அதுலயும் ஒருத்தர் வெச்சிருந்து வித்த பழசு ஒண்ணு, தூக்கினா தோளு இறங்கிடும், அதத்தான் இவரு கட்டிப் புடிச்சு வீட்டுக்குக் கொண்டாந்தாரு.

அதுக்கப்புறம் ஆறு மாசம் அந்த வீடு வீடா இல்ல, ஒர்க் ஷாப்பு.

துப்பாக்கி நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா இவரு சுட்டா மட்டும் அட்டைக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கும். இங்க ஒரு ஓட்டை, அங்க ஒரு ஓட்டை, பக்கத்து ஆளோட அட்டையில ரெண்டு ஓட்டை. மொதல்ல குண்டு மேல பழி போட்டாரு. தட்டைத் தலை, உருண்டைத் தலை, கூர்த்தலைன்னு ஏழு டப்பா ஈயக் குண்டு வாங்கினாரு. நகைக்கடையில வெக்கிற மாதிரி சின்னத் தராசு ஒண்ணு வாங்கி ஒவ்வொரு குண்டா எடை போட்டாரு. பொண்ணுக்கு வரன் பாக்கறவன் கூட இவ்வளவு அலசிப் பாக்க மாட்டான். குண்டோட பின்பக்கம் விரிஞ்சிருக்கிற பாவாடை நசுங்கியிருக்கான்னு லென்ஸ் வெச்சுப் பாத்தாரு. ஒரு குண்டும் பொருந்தல.

அப்புறம் எண்ணெய். குழாய்க்கு எண்ணெய் விட்டா சுலபமா ஓடுதே, இதுக்கு விட்டா என்னன்னு காத்து அடைக்கிற அறைக்குள்ள தாராளமா ஊத்திட்டாரு. சுட்டாரு பாருங்க, ஷெட்டே அதிர்ந்துச்சு. பீப்பாய் முனையில நீலப் புகை. இவருக்கு வாயெல்லாம் பல்லு. நம்ம துப்பாக்கிக்கு பீரங்கி பலம் வந்துடுச்சுன்னு குதிச்சாரு. அந்த ஷெட்டுல சுடறவங்க கிளப்புக்குத் தலைவி, மருந்துக்கடை வெச்சிருக்கிற அம்மா. அவங்க பேச்ச அந்த ஷெட்டுல யாரும் மீற மாட்டாங்க. அவங்க கண்ணாடிய இறக்கிப் பாத்துட்டுச் சொன்னாங்க, அமுங்கின காத்து சூட்டுல எண்ணெய் தீப்பிடிக்குது, லாரி இன்ஜின் மாதிரி, இன்னும் நாலு தடவ இப்படி ஆச்சுன்னா ஸ்பிரிங்கு போயிடும்னு. அவங்க சொன்னது தப்பு. மூணாவது தடவையே போயிடுச்சு.

ஒடஞ்ச ஸ்பிரிங்க எடுக்கறேன்னு அடுப்படி மேசையில துப்பாக்கியப் பிரிச்சாரு. கடைசி பின்னக் கழட்டினதுதான் தாமதம், அமுங்கிக் கெடந்த ஸ்பிரிங்கு ஆறு மாசக் கோவத்தோட பாஞ்சு பிரிட்ஜு கதவுல ஒரு குழி போட்டுட்டுப் போய் ஜன்னல் திரையில தொங்குச்சு. சம்சாரம் ஆஸ்பத்திரியில நர்சு. டூட்டி முடிஞ்சு வந்து, குழியப் பாத்தாங்க, திரையப் பாத்தாங்க, இவரப் பாத்தாங்க.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நம்ம வீட்டுல கூடத்தையே ஒடைக்கறாங்க"ன்னாங்க.

ஆனா ஒண்ணு, கைவேலைன்னு வந்துட்டா இறுக்கியாரு இறுக்கியாருதான். ரெண்டடி இரும்புக் குழாய், ஒரு முனையில மரை வெட்டி, மூடி போட்டு, அதுக்குள்ள துப்பாக்கிய வெச்சு மெதுவாத் திருகினா ஸ்பிரிங்கு பூனக்குட்டி மாதிரி அடக்கமா வெளிய வர்ற மாதிரி ஒரு கருவி செஞ்சாரு. புது ஸ்பிரிங்கு வாங்கி, அதோட ரெண்டு முனையையும் கண்ணாடியா பாலிஷ் போட்டு, புது வாஷர் மாட்டி, பட்டும் படாம கிரீஸ் தடவிப் பூட்டினாரு. முன்னெல்லாம் சுட்டா கட்டில் கம்பி அறுந்த மாதிரி ஞொய்ங்னு கேக்கும். இப்ப டொக்குன்னு ஒரே சத்தம். மருந்துக்கடை அம்மாவே வாங்கிப் பாத்துத் தலையாட்டினாங்க. அம்மை மட்டும் இறங்கல.

அந்த நேரம் பாத்துதான் ஆத்துக்கு அக்கரையில இருக்கிற கிளப்போட போட்டின்னு அறிவிச்சாங்க. நாலு பேரு கொண்ட டீமு. தலைவி அம்மா, தபால்காரர், தையல்காரர், மூணு பேரு முடிவு. நாலாவது இடத்துக்கு இறுக்கியாரா, பேக்கரி மச்சானா? ரெண்டு ஞாயித்துக்கிழமை, ஞாயித்துக்குப் பத்து குண்டு, குண்டுக்கு அதிகபட்சம் பத்து பாயிண்டு, கூட்டிப் பாத்து அதிகம் எடுத்தவங்களுக்கு இடம்.

இறுக்கியாருக்கு வயசு நாப்பத்தெட்டு. இந்த நாப்பத்தெட்டு வருஷத்துல அவர எந்த டீம்லயும் யாரும் சேத்ததில்ல. பள்ளிக்கூடத்துல கயிறு இழுக்க மட்டும் கூப்பிட்டாங்க, கயிறு அறுந்துடுதுன்னு அதையும் நிறுத்திட்டாங்க. டீமுக்குன்னு தச்ச நீலச் சட்டை நாலு அலமாரியில தொங்குது. நாலாவது சட்டைய அவரு தெனமும் தொட்டுப் பாத்துட்டுதான் வீட்டுக்குப் போவாரு.

மொதல் ஞாயித்துக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி ரெஞ்சு வழுக்கி, இடது கட்டை விரல் குழாய்க்கும் சுவருக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. விரல் சுரைக்காய் ஆயிடுச்சு. சம்சாரம் கட்டு போட்டு, ஒரு வாரத்துக்கு இந்தக் கை எதையும் புடிக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டாங்க. போட்டிக்குப் போகவான்னு பாவமாக் கேட்டாரு. போங்க, கை நல்லாயிருந்தப்ப மட்டும் என்ன கிழிச்சீங்கன்னு அனுப்பி வெச்சாங்க.

துப்பாக்கியோட முன்கட்டை, விரிச்ச உள்ளங்கையில சும்மா படுத்துக் கெடந்துச்சு, அவ்வளவுதான். புடிக்க விரல் மடங்கவே இல்ல. சுட்டாரு. பத்து. ஒம்பது. பத்து. பத்து. அட்டைய எடுத்துட்டு வந்தப்ப ஷெட்டே வாயப் பொளந்துச்சு. தொண்ணூத்தாறு. மச்சான் தொண்ணூத்திரெண்டு.

அதுக்கப்புறம் இறுக்கியாரக் கையில புடிக்க முடியல. எல்லாம் நம்ம ஸ்பிரிங்குன்னாரு. உலகத்துல இப்படி ஒரு பாலிஷ் எவனும் போட்டதில்லைன்னாரு. கேட்டு மயங்கின தபால்காரரும் தையல்காரரும் நல்லா இருந்த துப்பாக்கியக் கொண்டாந்து குடுத்தாங்க. அதுகளுக்கும் அதே மாதிரி ஸ்பிரிங்கு மாட்டிக் குடுத்தாரு. மச்சானும் கேட்டான். போட்டி முடியட்டும் மாப்ள, எதிராளிக்கு எவனாவது ஆயுதம் தீட்டிக் குடுப்பானான்னு சிரிச்சுட்டாரு.

அடுத்த சனிக்கிழமை கட்ட அவுத்தாச்சு. விரல் சரியாயிடுச்சு. பின்வாசல் சுவத்துல மணல் பெட்டி வெச்சு, அட்டை மாட்டி ஒரு பத்து போட்டுப் பாத்தாரு. அம்மை திரும்பி வந்துடுச்சு. அதுவும் பெரியம்மை. ஸ்க்ரூவ எல்லாம் பாத்தாரு, வாஷரப் பாத்தாரு, பீப்பாய்க்குள்ள துணி விட்டு இழுத்தாரு. ஒண்ணும் மாறல. தலையில கைய வெச்சு உக்காந்துட்டாரு.

துணி காயப் போட்டுக்கிட்டு இருந்த சம்சாரம் திரும்பிக் கூடப் பாக்காமச் சொன்னாங்க, "ஏங்க, போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் மாறினது உங்க துப்பாக்கி இல்லைங்க. உங்க விரலு."

விரிச்ச கையில வெச்சு மூணு குண்டு போட்டாரு. மூணும் ஒரே ஓட்டை. இறுக்கிப் புடிச்சு மூணு போட்டாரு. மூணும் மூணு மாவட்டம். அப்பதான் வெளங்குச்சு. ஸ்பிரிங்கு பாயும்போது துப்பாக்கி கொஞ்சம் துள்ளும். அத அதும்பாட்டுக்கு விட்டா ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி துள்ளும். திருடன் சட்டையப் புடிக்கிற மாதிரி புடிச்சா, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம் திமிரும். ஆறு மாசம், ஏழு டப்பா குண்டு, ஒரு பிரிட்ஜு கதவு, எல்லாத்துக்கும் காரணம் அவரோட அஞ்சு விரலு.

வெளங்கி என்ன புண்ணியம்? விரிச்ச கையோட குறி பாப்பாரு, விசைய இழுக்கற நொடியில கை தானா கவ்விக்கும். முப்பது வருஷமா இறுக்கின கை, சொன்னாக் கேக்குமா? நல்ல விரலுக்கு மறுபடியும் கட்டு போட்டு விடுன்னு சம்சாரத்துக்கிட்ட கெஞ்சினாரு. இல்லாத காயத்துக்குக் கட்டு போட்டா என் வேலை போயிடும்னுட்டாங்க.

ஞாயித்துக்கிழமை காலையில இடது கட்டை விரல் நிமிந்தே நிக்கிற மாதிரி, குழாய் மரைக்குச் சுத்தற வெள்ள டேப்ப ஒரு ரோலு முழுசா சுத்திக்கிட்டு வந்து நின்னாரு. மச்சான் விழுந்து விழுந்து சிரிச்சான், மாமா விரல்ல கசிவு போலன்னான். தலைவி அம்மா சிரிக்கல. காயம் இருக்கான்னு கேட்டாங்க. இல்லைன்னாரு. அப்ப கைக்கு எந்த முட்டும் குடுக்கக் கூடாது, அவுங்கன்னாங்க. அவுக்க ஏழு நிமிஷம் ஆச்சு. அவரு சுத்தினதாச்சே.

மச்சான் மொதல்ல போட்டான். தொண்ணூத்தொண்ணு. ரெண்டு வாரமும் சேத்து நூத்தெண்பத்து மூணு. இறுக்கியாருக்கு எண்பத்தெட்டு வேணும், ஒண்ணு கொறஞ்சாலும் தனியா ஜெயிக்க முடியாது.

மொதல் குண்டு. கை கவ்விடுச்சு. ஆறு. ரெண்டாவது, பல்லக் கடிச்சு விரல விரிச்சாரு, கடைசி நொடியில திருட்டுக் கை மறுபடியும் கவ்விடுச்சு. ஏழு. துப்பாக்கிய இறக்கி வெச்சாரு. தன் இடது கையவே முறைச்சுப் பாத்தாரு. அடப்பாவி, உனக்கு எதையாவது இறுக்கியே ஆகணும், அவ்வளவுதானே? இறுக்கிக்கோ. கைய நல்லா மூடி முஷ்டியாக்கினாரு. உள்ள ஒண்ணுமில்லாம வெறும் காத்த இறுக்கிப் புடிச்சாரு. அந்த முஷ்டி மேல துப்பாக்கியப் படுக்க வெச்சாரு.

தபால்காரர் இது செல்லுமான்னு கேட்டாரு. தலைவி அம்மா விதி புஸ்தகத்த மூணு பக்கம் புரட்டினாங்க. கை அவரோடது, முஷ்டியும் அவரோடது, போடட்டும்னாங்க.

பத்து. ஒம்பது. பத்து. ஒம்பது. ஒம்பது. பத்து. ஒம்பது. கையோ தன் வேலையப் பாத்துக்கிட்டு ஆனந்தமா இறுக்கிக்கிட்டு இருந்துச்சு. துப்பாக்கியோ மேல படுத்துத் தன் இஷ்டத்துக்குத் துள்ளிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டுக்கும் சண்டையே இல்ல. இதுவரைக்கும் எழுபத்தொம்பது. கடைசி குண்டு ஒம்பது ஆகணும்.

சுட்டாரு. அட்டையக் கொண்டாந்தாங்க. ஓட்டை சரியா எட்டுக்கும் ஒம்பதுக்கும் நடுவுல இருக்கிற கோட்டுக்கிட்ட. கோட்டத் தொட்டா ஒம்பது, தொடலைன்னா எட்டு. தலைவி அம்மா ஓட்டைக்குள்ள அளவுக் கட்டையச் சொருகி, மேல லென்ஸ வெச்சுக் குனிஞ்சாங்க. அவங்க குனிஞ்ச நேரத்துல ஒரு குழந்தை பொறந்து, வளந்து, பள்ளிக்கூடமே சேந்திருக்கும்.

"தொட்டிருக்கு. ஒம்பது."

மொத்தம் நூத்தெண்பத்து நாலு. தலைவி அம்மா அலமாரியத் தொறந்து நாலாவது சட்டையக் குடுத்தாங்க. வாங்கினதும் அங்கயே மாட்டிக்கிட்டாரு, பழைய சட்டை மேலயே. மச்சான் வந்து கட்டிப் புடிச்சான். தோத்த மொகம் கொஞ்சம் இருந்துச்சு, ஆனா அவன் நல்ல பையன்.

"போட்டிதான் முடிஞ்சுடுச்சே மாமா. இப்பவாவது அந்த ஸ்பிரிங்க எனக்கும் மாட்டிக் குடு."

இறுக்கியாரு சட்டைப் பொத்தானப் போட்டுக்கிட்டே தபால்காரரப் பாத்தாரு, தையல்காரரப் பாத்தாரு. ரெண்டு பேரும் இந்த வாரம் வழக்கத்த விட அஞ்சஞ்சு கொறைச்சு எடுத்திருந்தாங்க. புது ஸ்பிரிங்கு பழகலைன்னு பெருந்தன்மையா சொல்லிக்கிட்டு இருந்தாங்க. கம்முனு இருந்துட்டா யாருக்கும் தெரியப் போறதில்ல. கம்முனு இருந்தா அக்கரைக்காரங்ககிட்ட டீமே தோக்கும்.

"ஸ்பிரிங்குல ஒண்ணுமே இல்ல மாப்ள. போன வாரம் சுட்டது என் வீங்கின விரலு. உன் துப்பாக்கிய யாரையும் தொட விடாத, முக்கியமா என்னைய."

தபால்காரர் மெதுவா, அப்ப என் துப்பாக்கின்னு கேட்டாரு. உங்க பழைய ஸ்பிரிங்கு பத்திரமா என் பையில இருக்கு, இப்பவே மாட்டிடலாம்னு இறுக்கியாரு தரையில உக்காந்து கருவிய வெளிய எடுத்தாரு. தையல்காரர் தன் துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு பின்னாலயே வரிசையில வந்து நின்னுட்டாரு. மச்சான் சிரிச்சு முடிக்க முடியாம மெத்தையில சாஞ்சுட்டான். புதுச் சட்டையில மொதல் கிரீஸ் கறை விழுந்தப்ப, சட்டை போட்டுப் பத்து நிமிஷம் கூட ஆகல.