படிவத்தில் இல்லாத மாமன் கையெழுத்து

முதல் கேஸ்

கண் வங்கியில் டெக்னீஷியனாகச் சேர்ந்து நான் தனியாகப் போன முதல் கேஸ் கருமத்தம்பட்டியில். காலை பத்து மணிக்கு விசைத்தறி வைத்திருக்கும் ஒருவர் போன் செய்தார். ஒன்பது மணிக்கு அம்மா இறந்துவிட்டார், கண்ணைக் கொடுக்க வேண்டும் என்றார். ஆறு மணி நேரத்துக்குள், அதாவது மூன்று மணிக்குள் எடுத்தாக வேண்டும். "ஃபேனை நிறுத்திப்போடுங்க, கண்ணை மூடி ஈரப் பஞ்சு வைங்க" என்று சொல்லிவிட்டு ஐஸ் பாக்ஸோடு கிளம்பினேன்.

மகனிடம் கன்சென்ட் ஃபார்மில் கையெழுத்து வாங்கினேன். எல்லாம் கச்சிதம் என்று கையுறை மாட்டும்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"யாருங்க அது, எங்கக்கா தலமாட்டுல?"

இறந்துபோன அம்மாவின் தம்பி, கோபியிலிருந்து வந்திருந்தார். கையில் அக்காவுக்குப் போர்த்தப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை. எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்தவன், அதாவது கூடப் பிறந்த அண்ணனோ தம்பியோ, வராமல் ஒரு காரியமும் நகராது. நானும் இந்த மண்ணில் வளர்ந்தவன்தான். கழுத்தில் ஐடி கார்டு ஏறியதும் அது மறந்துபோயிருந்தது.

"அம்மா முன்னமே எழுதிக் குடுத்துப்போட்டாங்க மாமா" என்றார் மகன்.

"எனக்கு யாருடா சொன்னா?"

"போன் பண்ணுனனுங்க. நீங்க எடுக்கலீங்க."

"வண்டி ஓட்டீட்டு வாரவன் எப்படிடா எடுப்பான்?"

நான் குறுக்கே புகுந்து, இரண்டு பேருக்குப் பார்வை கிடைக்கும், முகம் கெடாது, கருவிழியை மட்டும்தான் எடுப்போம் என்று பயிற்சியில் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாப் பேசறீங்க தம்பி. கோபில ரத்ததான முகாம் நடத்தறவனே நான்தானுங்க. ஆனா இது முடியாதுங்க."

"ஏனுங்க?"

"என்னையக் கேக்கலீங்களே."

மணி ஒன்று. கையுறையைக் கழற்றிவிட்டு வாசலுக்குப் போய், புதிதாக வருகிறவன் மாதிரி திரும்ப உள்ளே வந்து அவரைப் பார்த்துக் கைகூப்பினேன். "உங்கூட்டுப் பொண்ணு கண்ணைக் கேட்டு வந்திருக்கறனுங்க" என்றேன்.

உடனே கொடுத்துவிடவில்லை. உட்காரச் சொன்னார். எந்த ஊர், யார் மகன், அம்மா பிறந்த ஊர் எது என்று விசாரித்தார். பெண் கேட்டு வந்தவனைக்கூட இவ்வளவு துருவியிருக்க மாட்டார்கள். பிறகுதான் சொன்னார்.

"எடுத்துக்குங்க. பொறந்த ஊட்டுச் சீருன்னு எழுதிக்குங்க."

அதற்கு ஃபார்மில் இடமில்லை. சாட்சி என்ற இடத்தைக் காட்டினேன். இனிஷியல், ஊர், தாலுகா எல்லாம் சேர்த்துப் பக்கத்துக் கட்டம்வரை எழுதினார். இரண்டரை மணிக்கு ஐஸ் பாக்ஸை மூடினேன்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சட்டப்படி வாரிசு கையெழுத்துப் போதும். இருந்தாலும் ஃபார்மை எடுக்குமுன் பிறந்தவர் வந்துவிட்டாரா என்று கேளுங்கள்.

தீபாவளிக்கு முந்தின வாரம்

அந்தக் கோபி மாமன் எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"எங்கக்கா கண்ணு யாருக்குப் போச்சுங்க தம்பி?"

"சொல்லக்கூடாதுங்க. ரூல்ஸ்."

"பேரு வேண்டாங்க. ஆம்பளையா பொம்பளையான்னு சொன்னாப் போதும். வருசா வருசம் அக்காவுக்குத் தீவாளிச் சேலை எடுக்கறவனுங்க. இப்ப சேலை எடுக்கறதா வேட்டி எடுக்கறதான்னு தெரியோணுமில்லீங்களா?"

"அதுவும் கூடாதுங்க. ரெண்டு பேருக்கும் இப்பக் கண்ணு நல்லாத் தெரியுதுங்க. அதை மட்டும் சொல்லலாம்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனவர், ஒரு மணி நேரத்தில் இரண்டு சேலை, இரண்டு வேட்டியோடு திரும்பி வந்தார். யாராக இருந்தாலும் சரியாகிவிடும் என்பது அவர் கணக்கு.

அதை உரியவர்களிடம் சேர்க்க எனக்கு வழியில்லை. மேலதிகாரியைக் கேட்டு, அன்று கண் வார்டில் கட்டோடு படுத்திருந்த நான்கு பேருக்குக் கொடுத்தேன். ஒரு அம்மா சேலையைத் தடவிப் பார்த்து, யார் கொடுத்தது என்று கேட்டார்.

"உங்க பொறந்தவருங்க" என்றேன்.